சர்க்கரை முகாமில் காதையும் பார்க்கலாமா? (மேலூர் பக்கம் முகாம் போடுகிறோம்)

1. கொட்டாம்பட்டிக்காரன் (இழை தொடங்கியவர்)

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேலூர் பக்கம் ஊராட்சிப் பள்ளியில் சர்க்கரை முகாம். 150 பேர் வருவார்கள் என்று கணக்கு. ரத்தச் சர்க்கரை, பிபி, பாதம், கண் நாலும் முடிவாகிவிட்டது. காதையும் சேருங்கள் என்று குழுவில் ஒருவர் பிடிவாதமாக நிற்கிறார். சர்க்கரைக்கும் காதுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, இல்லை வயசானால் எல்லோருக்கும் வருவதுதானா? உண்டு என்றால் வகுப்பறையில் வைத்து என்ன பார்க்க முடியும், என்னென்ன சாமான் வேண்டும்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2. செவியியல்_அண்ணாநகர்

தொடர்பு உண்டு. 2008-ல் அமெரிக்காவில் 20 முதல் 69 வயது வரையிலான 5,000 பேருக்கு மேல் ஆடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்த தரவை வைத்து ஓர் ஆய்வு வந்தது. தாழ்ந்த, நடு அலைவரிசைகளில் கேட்புக் குறைவு சர்க்கரை உள்ளவர்களிடம் சுமார் 21 சதவீதம், இல்லாதவர்களிடம் 9. உயர் அலைவரிசையில் 54-க்கு 32. சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருப்பவர்களிடமே 30 சதவீதம் கூடுதல். தமிழ்நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் 14.4 சதவீதம் என்று 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இன்டியாப் (ICMR-INDIAB) ஆய்வு சொல்கிறது. உங்கள் முகாமுக்கு வருகிறவர்களில் நல்ல பங்குக்குக் காது மந்தம் ஏற்கெனவே இருக்கும், அவர்களுக்கே தெரியாமல்.

முகாமில் செய்ய முடியும். அறை விஷயத்தில்தான் சிக்கல். அதைத் தனியாக எழுதுகிறேன்.

3. புள்ளிவிவரப்புலி

கொஞ்சம் பொறுங்கள். அது ஒரே நேரத்தில் எடுத்த குறுக்குவெட்டு ஆய்வு. சர்க்கரை முதலில் வந்ததா, காது முதலில் போனதா என்று அதிலிருந்து சொல்ல முடியாது. சர்க்கரை உள்ளவருக்கு பிபி இருக்கும், கொழுப்பு இருக்கும், பலர் பீடி பிடிப்பார்கள். இங்கே அதுபோக விசைத்தறி, ஸ்பின்னிங் மில், வெடி, திருவிழாக் குழாய் ரேடியோ. இதையெல்லாம் விட்டுவிட்டுச் சர்க்கரை மேல் மட்டும் பழி போடுவது நியாயமா?

4. கா.மூ.தொ_மருத்துவர்

புலி கேட்பது நியாயம். வயது, சத்தம், புகைப் பழக்கம், காதுக்கு ஆகாத மருந்துகள் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் அந்த ஆய்வில் தொடர்பு நின்றது. டைப் 1 நோயாளிகளைப் பல ஆண்டு தொடர்ந்த ஆய்வில், சராசரி எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் ரத்த அளவு) ஏற ஏறக் கேட்புக் குறைவும் ஏறியது. அதே ஆய்வில், சர்க்கரை இல்லாத அவர்களுடைய கணவன் மனைவிமாரோடு ஒப்பிட்டபோது மொத்தமாகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்குக் காது அவ்வளவாகக் கெடவில்லை என்று இதை நான் படிக்கிறேன். நீங்கள் வேறு மாதிரியும் படிக்கலாம்.

உடலுக்குள் நடப்பது இதுதான். உள்காதின் நத்தைக் குழலுக்கு ரத்தம் போகும் தமனி ஒன்றே ஒன்று. அது அடைத்தால் பக்கத்திலிருந்து கிளை வந்து காப்பாற்றாது. கடைமடை வயலுக்கு ஒரே வாய்க்கால் என்றால் என்ன கதி என்று மேலூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நத்தைக் குழலின் பக்கச் சுவரில் ஸ்ட்ரியா வாஸ்குலாரிஸ் என்று ஒரு திசு. உள்ளிருக்கும் திரவத்தில் பொட்டாசியத்தைச் செறிவாக வைத்து, சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தை நிறுத்திப் பிடிப்பது இதன் வேலை. அந்த அழுத்தம் இருந்தால்தான் ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் வேலை செய்யும். சர்க்கரையில் கண்ணிலும் கிட்னியிலும் நுண்குழாய்ச் சுவர் தடிப்பதுபோலவே இங்கேயும் தடிக்கிறது. இறந்தவர்களின் காது எலும்பை அறுத்துப் பார்த்தபோது இந்தத் தடிப்பும், வெளி மயிரிழைச் செல்களின் இழப்பும் கண்ணால் தெரிந்தன. அதுபோக நரம்பும் தளர்கிறது. காலில் எரிச்சல், மதமதப்பு தரும் அதே நரம்புக் கேடு கேட்பு நரம்பிலும் வரலாம். பெரா டெஸ்டில் (ஒலிக்குக் கேட்பு நரம்பு தரும் மின்னலையைப் பார்க்கும் சோதனை) அலை தாமதமாக வருவது அதனால்தான்.

செத்த மயிரிழைச் செல் திரும்ப முளைக்காது. ஆகவே, சர்க்கரையை இறக்கினால் காது திரும்பும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை முகாமில் யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். காது நரம்புக்கு என்று மாதக்கணக்கில் விழுங்கும் வைட்டமின் மாத்திரைக்கும் இதே பதில். மெட்ஃபார்மின் பல ஆண்டு சாப்பிடுபவருக்கு பி12 குறையலாம், அதை ரத்தத்தில் பார்த்துக் குறைந்திருந்தால் கொடுக்கலாம்.

5. புள்ளிவிவரப்புலி

சரி, காரணம் ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். அடுத்த கேள்வி: கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறோம்? 150 பேரைச் சோதித்து 60 பேரிடம் உங்களுக்குக் காது மந்தம் என்று சீட்டைக் கொடுத்து அனுப்பினால், அது பயமுறுத்தல்தானே?

6. செவியியல்_அண்ணாநகர்

அதனால்தான் யாரைப் பொறுக்குவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். முகாமுக்கு எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அறை: மைக் இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம். கடைசி வகுப்பறை, ஜன்னல் சாத்தி, மின்விசிறி நிறுத்தி. ஜெனரேட்டர் இருந்தால் கட்டடத்துக்கு அந்தப் பக்கம். விசிறியும் ஜெனரேட்டரும் போடுவது தாழ்ந்த ஒலி. அது 500 ஹெர்ட்ஸை விழுங்கிவிடும். ஆகவே 500-ஐ முகாமில் தொடாதீர்கள். 1000, 2000, 4000 மூன்று போதும்.

அறை சரியா என்று பார்க்க ஒரு வழி: காது நன்றாகக் கேட்கும் இளவட்டம் ஒருவரை உட்காரவைத்து, நீங்கள் சோதிக்கப்போகும் அளவைவிட 10 டெசிபல் குறைத்துப் போடுங்கள். அவருக்கே கேட்கவில்லை என்றால் அறை தேறாது. காலையில் ஒருமுறை, கூட்டம் ஏறிய பிறகு ஒருமுறை.

அளவு: புத்தகம் 25 டெசிபல் சொல்லும். அது சத்தம் அடக்கிய அறைக்கு. வகுப்பறையில் 60 தாண்டியவர்களை 25-ல் சோதித்தால் பாதிக்கு மேல் தவறுவார்கள், புலி சொல்லும் பயமுறுத்தல் அங்கேதான் ஆரம்பிக்கும். 60-க்கு மேல் 40 டெசிபல், அதற்குக் கீழ் 30 வைப்பேன். 40-லும் தவறுகிறவருக்கு வீட்டுப் பேச்சே தடுமாறும், அவருக்கு உதவி உண்மையிலேயே வேண்டும்.

செய்முறை: சிவப்பு வலது, நீலம் இடது. கண்ணாடி, ஜிமிக்கி, தலைப்பாகை கழற்றச் சொல்லுங்கள். தண்டட்டி, பாம்படம் போட்டு மடல் தொங்கிய பாட்டிகளுக்கு ஹெட்ஃபோன் சரியாக உட்காராது, கையால் பிடித்துப் பாருங்கள். வயதானவர்களுக்கு ஹெட்ஃபோன் அழுத்தத்தில் காதுக் குழாயே மூடிக்கொள்வதும் உண்டு. அப்போது 4000 மட்டும் பொய்யாகக் கெட்டுத் தெரியும். மடலை லேசாகப் பின்னிழுத்துத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும். ஒலியை ஒன்றிரண்டு நொடி, ஒழுங்கில்லாத இடைவெளியில் கொடுங்கள். தாளம் போட்டமாதிரி கொடுத்தால் தாளத்துக்கே கை தூக்குவார்கள். உங்கள் கை அவர்கள் கண்ணில் படக்கூடாது. மூன்றில் இரண்டு முறை கேட்டால் தேர்ச்சி. தவறினால் ஹெட்ஃபோனைக் கழற்றி மறுபடி போட்டு இன்னொரு முறை.

இதற்கு முன் ஓட்டோஸ்கோப் (காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவி) வைத்து உள்ளே பார்ப்பது கட்டாயம். அழுக்கு அடைத்திருந்தால் சோதனையே வீண். ஆளுக்கு ஒரு ஸ்பெகுலம் (அதன் முனையில் மாட்டும் குழல்), ஹெட்ஃபோன் மெத்தைக்கு ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட். ஒருவர் காதுக் காளானை இன்னொருவருக்கு ஏற்றிவிட்டு அனுப்ப வேண்டாம்.

7. சிஸ்டர்_கோரிப்பாளையம்

ஒரு விஷயம் சேர்க்கிறேன். பாதத்தில் அதிர்வு பார்க்க எல்லோரும் 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க் (தட்டினால் அதிரும் இசைக்கவை) கொண்டுவருவார்கள். அதையே காதுக்கும் வைத்துப் பார்ப்பது அடிக்கடி நடக்கும் தப்பு. 128 எலும்பில் அதிர்வாகத் தெரியும், கேட்காதவரும் "கேக்குது"ன்னு சொல்வார். காதுக்கு 512 தனியாக வாங்கி, கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டி வையுங்கள்.

அப்புறம், "காது கேக்குதா?"ன்னு கேட்டால் நூத்துக்கு நூறு பேர் "நல்லா கேக்குதே"ன்னுதான் சொல்வாங்க. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வீட்டில் சண்டை வருதா, போனை எப்பவும் ஒரே காதில்தான் வைக்கிறீங்களா, நாலு பேர் கூடிப் பேசினால் அங்கிட்டும் இங்கிட்டும் முகம் பார்க்க வேண்டியிருக்கா, இப்படிக் கேளுங்கள். கூட வந்த மருமகளிடம் கேட்டால் இன்னும் சரியான பதில் வரும்.

8. கொட்டாம்பட்டிக்காரன்

அருமை. காது அழுக்கு நிறைய பேருக்கு இருக்குமே, முகாமிலேயே தண்ணீர் பீச்சி எடுத்துவிடலாமா? காது வலி என்று வருகிறவர்களுக்குச் சொட்டு மருந்து கையோடு கொடுக்கலாமா?

9. கா.மூ.தொ_மருத்துவர்

இரண்டும் கூடாது. இந்த இழையிலேயே முக்கியமான பதில் இதுதான், கொஞ்சம் நீளும்.

காதுமெழுகு இயல்பாகப் புளிப்புத் தன்மை உள்ளது. கிருமியைத் தடுப்பது அதுதான். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்தப் புளிப்பு குறைகிறது. அந்தக் காதில் குழாய்த் தண்ணீரைப் பீச்சித் தோலில் கீறலும் விழுந்தால், சூடோமோனாஸ் கிருமி குருத்தெலும்பும் எலும்பும் சேரும் இடத்தில் புகுந்து மண்டையோட்டு அடி எலும்பு வரை அரிக்கும். இதற்கு மாலிக்னன்ட் ஓடைட்டிஸ் எக்ஸ்டர்னா என்று பெயர். பெயரில் மாலிக்னன்ட் என்று இருந்தாலும் இது புற்றுநோய் அல்ல. ஆனால் உயிரை எடுக்கும். வருபவர்களில் பெரும்பாலோர் வயதான சர்க்கரை நோயாளிகள்.

அடையாளம்: காதைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது, வலி மட்டும் தாங்க முடியாது, ராத்திரி தூங்க விடாது. லேசாக நீர் வடியும். உள்ளே பார்த்தால் குழாயின் அடிப்பக்கத்தில் சிவப்பாகச் சதை முளைத்திருக்கும். ஒரு வாரம் சொட்டு விட்டும் குறையாது. வாய் ஒரு பக்கம் கோணினால் முகநரம்பு வரை போய்விட்டது என்று அர்த்தம். இப்படி ஒருவர் வந்தால் முகாம் சீட்டெல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு இராசாசி மருத்துவமனைக்கு, அல்லது காது மூக்கு தொண்டைப் பிரிவு உள்ள எங்காவது அனுப்புங்கள். அங்கே சதையைக் கிள்ளிப் பரிசோதிப்பார்கள், சிடி எடுப்பார்கள், இஎஸ்ஆர் (அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனை) தொடர்ந்து பார்ப்பார்கள். மருந்து குறைந்தது 6 வாரம். வலி நின்றதும் மருந்தை நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது.

அழுக்குக்கு: செவிப்பறையில் ஓட்டையோ சீழோ இல்லை என்று உறுதியான பிறகு, 5 சதவீத சோடியம் பைகார்பனேட் சொட்டு, 3–4 சொட்டு வீதம் தினம் 2–3 தடவை, 3 முதல் 5 நாள். ஊறியதும் மருத்துவமனையில் சக்‌ஷன் வைத்து எடுக்கலாம். கோழி இறகு, கொண்டை ஊசி, ஊக்கு, பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் எதுவும் ஆகாது. கிணற்றிலோ கண்மாயிலோ குளிப்பவர்கள் பஞ்சில் வாசலின் தடவிக் காதில் வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த அவசரம், திடீர்ச் செவிட்டுத்தன்மை. வெள்ளென எழுந்தால் ஒரு காது அடைத்தமாதிரி இருக்கும், இரைச்சல், சிலருக்குத் தலைச்சுற்றல். மூன்று நாளுக்குள் அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளில் 30 டெசிபலோ அதற்கு மேலோ விழுந்தால் அதுதான். "சளி அடைச்சிருக்கு, தானா விடும்" என்று சொட்டை விட்டுக்கொண்டு இரண்டு வாரம் போக்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஸ்டீராய்டு பலன் அந்த முதல் இரண்டு வாரத்தில்தான் அதிகம்.

10. நீரிழிவு_மருத்துவர்_தெற்குவாசல்

ஸ்டீராய்டு பற்றி நான். ப்ரெட்னிசோலோன் எடைக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம், உச்சம் தினம் 60 மில்லிகிராம் என்று 10–14 நாள் கொடுப்பது வழக்கம். சர்க்கரை உள்ளவருக்கு இது ஏறும் நேரம் தெரிய வேண்டும். காலையில் போட்ட மாத்திரை மதியத்திலிருந்து ராத்திரி வரை சர்க்கரையைத் தூக்கும், மறுநாள் காலை வெறும் வயிற்றில் பார்த்தால் ஓரளவு சரியாகவே காட்டும். வெறும் வயிற்று அளவை மட்டும் பார்த்து "சர்க்கரை நல்லாத்தான் இருக்கு" என்று ஏமாறுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்தும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னும் பாருங்கள். இன்சுலின் தேவைப்பட்டால் காலையில் என்பிஹெச் (நடுத்தர நேரம் வேலை செய்யும் இன்சுலின்) பொருந்தும். ஸ்டீராய்டு இறங்க இறங்க அதையும் இறக்க வேண்டும், மறந்தால் தாழ்சர்க்கரை.

சர்க்கரை எக்கச்சக்கமாக இருப்பவருக்கு, செவிப்பறை வழியாக நடுக்காதில் டெக்சாமெத்தசோன் ஊசி நல்ல மாற்று. ரத்தத்தில் அவ்வளவாகச் சேராது. போட்டபின் அந்தக் காதை மேலே வைத்து 20–30 நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், பேசவோ எச்சில் விழுங்கவோ கூடாது. விழுங்கினால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும்.

11. மருந்தாளுநர்_புதூர்

டாக்டர் 9-ல் சொன்ன 6 வார மருந்து பெரும்பாலும் சிப்ரோஃப்ளோக்சசின். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு அது சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று தாழலாம், வயதானவர்களுக்கும் கிட்னி தளர்ந்தவர்களுக்கும் கூடுதலாக. கால்சியம், இரும்பு மாத்திரை, அல்சர் திரவ மருந்து இவற்றோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் ஏறவே ஏறாது. சிப்ரோ போட்டு 2 மணி நேரம் கழித்தே அவற்றை எடுக்கலாம். பாலோடும் வேண்டாம்.

காதைக் கெடுக்கும் மருந்துப் பட்டியலில் ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள் முன்னணி. கிட்னி கெட்ட சர்க்கரை நோயாளிக்கு ஃபுரோசமைடும் (நீர் பிரிக்கும் மருந்து) கூட ஓடினால் ஆபத்து கூடும். கிரியாட்டினின் (கிட்னி நிலையைக் காட்டும் ரத்தச் சோதனை) பார்த்துத்தான் அளவு.

12. தறிச்சத்தம்_செல்லூர்

விசைத்தறி ஓட்டுகிற சர்க்கரைக்காரருக்குத் தனியாக என்ன சொல்வது?

13. செவியியல்_அண்ணாநகர்

முகாமுக்கு முந்தைய நாளும் அன்று காலையும் தறியில் நிற்காமல் வரச் சொல்லுங்கள். சத்தத்தில் இருந்து நேராக வந்தால் காது தற்காலிகமாக மந்தித்துக் காட்டும். பஞ்சை அடைப்பது பயனில்லை. ஃபோம் பிளக்கை உருட்டி மெலிதாக்கி, எதிர்க் கையால் மடலை மேலே இழுத்து உள்ளே விட்டு, விரியும் வரை அரை நிமிடம் பிடிக்க வேண்டும். கழுவாத கையால் உருட்டினால் 9-ல் சொன்ன கதைதான். சத்தத்தால் கெட்ட காது 4000 அருகே பள்ளமாக விழுந்து 8000-ல் கொஞ்சம் ஏறும். சர்க்கரையில் அப்படித் தனி முத்திரை இல்லை. ஆடியோகிராமைப் பார்த்து இது சர்க்கரைதான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

14. காதுக்கருவி_டெக்னீஷியன்

கருவி பற்றி யாரும் பேசவில்லை. சர்க்கரைக்காரர் "வெளியே தெரியாதது வேணும்" என்று காதுக்குள் போகும் குட்டிக் கருவி கேட்பார். அதன் பேட்டரி 10-ஆம் நம்பர், பச்சரிசி மாதிரி இருக்கும். விரல் மரத்து, கண்ணும் மங்கியவர் அதை மாற்றவே முடியாது. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி, 13 அல்லது 675 பேட்டரி, முடிந்தால் சார்ஜ் ஏற்றுவது என்று போங்கள். பேட்டரி ஸ்டிக்கரை உரித்ததும் உடனே மூடாதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் காற்றுப் பட்ட பிறகு போட்டால்தான் முழு வலு வரும்.

கருவியோடு காதுக்குள் பொருத்தும் அச்சு அழுத்திப் புண்ணானாலும் உணர்வு மங்கியவருக்குத் தெரியாது. முதல் வாரம் தினமும் வீட்டில் ஒருவர் டார்ச் அடித்துக் காதைப் பார்க்கட்டும். ராத்திரி அச்சைக் கழற்றி, சோப்பு நீரில் அலசி, குழாயில் ஊதி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் காளான். நம்மூர் வேர்வைக்குச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பா இல்லாமல் கருவி தாங்காது.

இன்சுலின் பேனாவின் டிக் டிக் சத்தத்தை எண்ணி யூனிட் வைப்பவர்கள் உண்டு. காது மந்தமானவர் எண்ணக்கூடாது, எண்ணைக் கண்ணால் பார்த்து வைக்க வேண்டும். கையில் சர்க்கரை பார்க்கும் சென்சார் ஒட்டியவர்கள் ராத்திரி கருவியைக் கழற்றியதும் தாழ்சர்க்கரை அலாரம் கேட்காது. போனை அதிர்வில் போட்டுத் தலையணைக்கு அடியில் வையுங்கள்.

15. நீரிழிவு_மருத்துவர்_தெற்குவாசல்

14-க்குத் துணையாக: மருந்து அளவை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். எழுபதும் எண்பதும் காது மந்தமானவருக்கு ஒன்றாகக் கேட்கும். எழுதிக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

முகாமில் கண் வைக்க வேண்டிய இன்னொரு வகை: ஒல்லியான ஆள், இளவயதில் சர்க்கரை, காதும் மந்தம், அம்மா வழியில் பலருக்கு இரண்டும் உண்டு. இது தாய்வழி மைட்டோகாண்ட்ரியா மாற்றமாக இருக்கலாம், 3243-ஆம் இடத்தில் வரும் எழுத்து மாற்றம். அபூர்வம்தான். ஆனால் லாக்டிக் அமிலம் கூடும் அபாயத்தால் இவர்களுக்கு மெட்ஃபார்மினைத் தவிர்ப்பார்கள். எனவே குடும்பக் கதையை ஒரு வரி கேளுங்கள்.

16. புள்ளிவிவரப்புலி

40 டெசிபல் வடிகட்டியும் அவசர அடையாளங்களும் இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அரசுச் சலுகைக்கு யார் தகுதி?

17. செவியியல்_அண்ணாநகர்

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி இரு காதிலும் பேச்சு அலைவரிசையில் 60 முதல் 70 டெசிபல் இழப்பு என்றால் கேட்புக் குறைவு, 70 என்றால் காதுகேளாமை. உங்கள் முகாமில் பிடிபடுபவர் பலர் 40–55-ல் நிற்பார்கள், அந்த வரம்புக்குள் வரமாட்டார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாவம் கலெக்டர் ஆபீசுக்கு அலையவிட வேண்டாம். வரம்புக்குள் வருபவர்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

18. கொட்டாம்பட்டிக்காரன்

முடிவு செய்துவிட்டோம். கடைசி வகுப்பறை, 512 ஃபோர்க், இரண்டு ஓட்டோஸ்கோப், ஒரு ஆடியோமீட்டர். 150 பேரையும் ஹெட்ஃபோனில் உட்காரவைக்க நேரம் போதாது. கேள்வியில் சிக்குபவர்கள், சர்க்கரை 10 வருடம் தாண்டியவர்கள், தறி, மில் ஆட்கள் மட்டும். வரிசையில் காதை எங்கே வைப்பது? சர்க்கரை எடுத்த கையோடு அனுப்பிவிடலாமா?

19. சிஸ்டர்_கோரிப்பாளையம்

வேண்டாம். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர் பசியோடு உட்கார்ந்திருப்பார், சிலர் பழக்கத்தில் மாத்திரையைப் போட்டுவிட்டே வந்திருப்பார்கள். சர்க்கரை தாழ்ந்தால் கவனம் நிற்காது, ஒலி கேட்டாலும் கை தூக்கமாட்டார், நீங்கள் செவிடு என்று எழுதிவிடுவீர்கள். ரத்தம் எடுத்ததும் டிபன், அப்புறம் பாதம், அதன் பிறகு காது. கண்ணுக்குச் சொட்டு விட்டால் பார்வை மங்கும், அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். காது அறை வாசலில் ஒரு குளுக்கோமீட்டரும் குளுக்கோஸ் பொட்டலமும் இருக்கட்டும். வேர்த்துக் கொட்டினாலோ கை நடுங்கினாலோ முதலில் விரலைக் குத்திப் பாருங்கள், ஹெட்ஃபோன் அப்புறம்.